"அப்படியானால் எங்கள் ஓட்டு எந்தப் பக்கம்?"

வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுடைய உதவியாளர்கள் எங்களிடம் கேட்கிற கேள்விகளில் இன்னமும் மனதைக் குடைவது இதுதான்: "நீங்கள் கேட்ட ரத்து இந்த மசோதாவுக்குள் வந்துவிட்டது. அப்படியானால் முழு மசோதாவுக்கும் எங்கள் ஓட்டு எந்தப் பக்கம் விழ வேண்டும்?"

ரத்து என்றது, இராக்மீது போர் தொடுக்க அதிபருக்கு அனுமதி தந்த 2002ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவதை. மசோதா என்றது 2025 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புத் துறை ஆண்டு மசோதாவை. சுமார் 90,000 கோடி டாலர் இராணுவச் செலவுக்கு அனுமதி தருவது அது. எந்தப் போரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் நாங்கள்; அதற்கு 'ஆம்' சொல்ல முடியாது. "ரத்தை வரவேற்கிறோம், மசோதாவை எதிர்க்கிறோம்" என்பதே நாங்கள் சொல்லும் பதில். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் உறுப்பினர் அழுத்த வேண்டிய பொத்தான் ஒன்றுதான்.

உறுப்பினர்களைச் சந்தித்துக் கோரிக்கை வைக்கும் இந்த வேலையில் முதலில் பழகிக்கொள்வது, ஒரு சந்திப்புக்கு ஒரே கோரிக்கை என்பது. கிடைப்பது இருபது, முப்பது நிமிடம். தொகுதியின் வாக்காளர் முதலில் பேசுவார். உறுப்பினர் முன்பு செய்த நல்ல காரியம் ஒன்றுக்கு நன்றி சொல்லிவிட்டு, மசோதா எண்ணோடு கோரிக்கையை வைக்க வேண்டும். ஒருவர் குறிப்பெடுப்பார். வரும்போது ஒரு பக்கத் தாளைக் கொடுத்துவிட்டு வந்து, மறுநாளுக்குள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தால், மறுபடி எப்போது கேட்கலாம் என்று தேதி வாங்காமல் எழுந்துவிடக் கூடாது. சந்திப்பு கெடுவது பெரும்பாலும் இரண்டாவது கோரிக்கையால். உதவியாளர் தனக்கு எது எளிதோ அதை மட்டும் எழுதிக்கொள்வார், மற்றது காற்றோடு போகும். வரவேற்கிறோம், எதிர்க்கிறோம் என்பது ஒரே மூச்சில் இரண்டு கோரிக்கைதான்.

திருத்தங்கள் மீது ஓட்டெடுக்கும் கட்டத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. ரத்துத் திருத்தத்துக்கு ஒரு ஓட்டு, இறுதி மசோதாவுக்கு வேறொரு நாளில் வேறொரு ஓட்டு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்கலாம். இரு அவைகளின் வரைவும் பேரம் பேசி ஒன்றான பிறகுதான் சிக்கல். அப்போது ஒரே ஓட்டு, திருத்தத்துக்கும் இடமில்லை.

ஏன் தனி மசோதாவாகவே கொண்டுபோகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கொண்டுபோனோம். 2021 ஜூனில், அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த பார்பரா லீயின் மசோதா அந்தச் சபையில் 268–161 என்று நிறைவேறி, மற்றோர் அவையான செனட்டில் தேங்கி நின்றது. 2023 மார்ச்சில் செனட் 66–30 என்று நிறைவேற்றியது. இந்த முறை பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவில்லை. பாதுகாப்பு மசோதாவோ அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டு தவறாமல் நிறைவேறுவது. போய்ச்சேரும் வண்டி அது ஒன்றுதான். அதில் ஏறினாலும் நிச்சயமில்லை: 2019இல் சபை சேர்த்த ரத்தை இறுதிப் பேரத்தில் இறக்கிவிட்டார்கள். செத்த சட்டம்தானே, கிடக்கட்டும் என்றும் விட முடியவில்லை. சதாம் ஆட்சி விழுந்து பதினாறு ஆண்டு கழித்து, 2020 ஜனவரியில் ஈரான் தளபதி காசிம் சுலைமானியைக் கொன்றதற்கு இதே இராக் சட்டத்தையும் சட்ட ஆதாரமாகக் காட்டினார்கள்.

ஆகவே அந்த வழி சரி என்றுதான் தோன்றுகிறது. உடனே இன்னொரு எண்ணமும் வருகிறது. "குவேக்கர்கள் கேட்டதும் இதில் இருக்கிறது" என்று சொல்லி ஓர் உறுப்பினர் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டு அந்தச் செலவுக்குக் கை தூக்கினால், அதில் நம் பங்கு இல்லையா? இல்லை என்று வாதாடலாம். மசோதா நாம் இல்லாமலும் நிறைவேறியிருக்கும். ஆனால் 'எப்படியும் நடந்திருக்கும்' என்ற அதே வாதத்தை ஆயுதம் செய்கிறவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நேரமும் எதிரிதான். 1943இல் தொடங்கிய எஃப்.சி.என்.எல். என்ற குவேக்கர் அமைப்பு, இரண்டாண்டுக் காலக் காங்கிரஸ் ஒவ்வொன்றுக்கும் முன்பு நாடெங்குமுள்ள குவேக்கர் வழிபாட்டுக் கூட்டங்களிடம் எது முக்கியம் என்று கேட்டு முன்னுரிமைகளை வகுக்கிறது. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. மௌனமாக அமர்ந்து, பேசி, கூட்டத்தின் ஒருமித்த உணர்வு இது என்று கூட்டத்தை நடத்துபவர் எழுதி வாசிப்பார். உடன்பாடில்லாதவர் விலகி நிற்கலாம், தடுத்தும் நிறுத்தலாம். மாதக்கணக்கில் நடக்கும் வேலை. பேரத்தில் முடிந்த மசோதாவோ சில நாட்களில் ஓட்டுக்கு வந்துவிடும். மௌனத்தில் கண்டடைய வேண்டிய பதிலை நடைபாதையில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னுரிமைப் பட்டியலில் 'போர் அனுமதிகளை ரத்து செய்' என்றும் இருக்கும், 'இராணுவச் செலவைக் குறை' என்றும் இருக்கும். இரண்டும் மோதினால் எது முன்னே என்று அது சொல்லாது. சொல்லவும் கூடாது என்றே நினைக்கிறேன். தரவரிசை போட்டால் நாமும் பேரக்காரர்களாகிவிடுவோம். ஆனால் தரவரிசை இல்லாததால்தான் அந்த உதவியாளர் நம்மைத் தெளிவில்லாதவர்கள் என்று எண்ணிக்கொள்கிறார்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் வந்த 2001ஆம் ஆண்டின் போர் அனுமதிச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதன் மைய வாக்கியம் அறுபது சொற்கள். கால வரம்பும் இல்லை, நாடுகளின் பெயரும் இல்லை. சபையில் அதை எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு பார்பரா லீயுடையது. அதை வெறுமனே ரத்து செய்ய முன்வருபவர் குறைவு. குறுகிய, காலக்கெடு உள்ள அனுமதி ஒன்றை அதன் இடத்தில் வைக்கலாம் என்பவர்கள் இரு கட்சியிலும் உண்டு. அதற்கு ஆதரவு தருவீர்களா என்று கேட்டால், இன்று என் பதில் 'இல்லை'. குறுகிய போர் அனுமதியும் போர் அனுமதிதான். ஆனால் கால வரம்பில்லாத அனுமதி இன்னும் இருபது ஆண்டு நீடித்தால், அந்த 'இல்லை'யின் விலையைக் கொடுக்கப்போவது வாஷிங்டனில் இருக்கும் நாங்கள் அல்ல. எங்களுக்குள் இது பேசித் தீரவில்லை.