ஒரு கையால் தூக்கிய டிரெய்லர்

இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒரு யார்டில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சின்ன எக்ஸ்கவேட்டர், ஜெனரேட்டர், கம்ப்ரெசர், இவற்றை ஏற்றிப்போக டிரெய்லர்கள். வருகிறவர்களின் வண்டியில் டிரெய்லரை மாட்டி அனுப்புவது என் பொறுப்பு. சேர்ந்த முதல் வருடத்தில், காலையில் நான் மாட்டி அனுப்பிய ஒரு டிரெய்லர் மதியத்துக்குள் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அந்த நாளை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

எக்ஸ்கவேட்டர் 1,700 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை 600. மொத்தம் 2,300. வந்தவரின் வண்டி குட்டையான ஃபோர் வீல் டிரைவ். கையேட்டில் 2,500 கிலோ வரை இழுக்கலாம் என்று இருந்தது. 2,300, 2,500-ஐ விடக் குறைவு. நான் பார்த்த கணக்கு அவ்வளவுதான். எக்ஸ்கவேட்டரை அவரே ஓட்டி மேலே ஏற்றினார். மாட்டும்போது டிரெய்லரின் மூக்கு, அதாவது வண்டியோடு இணையும் அதன் முன்முனை, வண்டியின் கொக்கியை விடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. ஜாக்கியைச் சுற்றச் சோம்பல்பட்டு ஒரு கையால் தூக்கிக் கொக்கியின் உருண்டையின் மேல் வைத்தேன். இவ்வளவு லேசாக இருக்கிறதே, வேலை சுலபமாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

இறக்கத்தில் வேகம் 80-ஐத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்ததாம். அவர் பயந்து பிரேக்கை அழுத்தினார். அதன் பிறகு ஸ்டீயரிங் எதற்கும் கட்டுப்படவில்லை என்றார்.

டிரெய்லரை மீட்டுக்கொண்டு வந்த பிறகு எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு போனார். பலகையில் எக்ஸ்கவேட்டரின் டிராக் பதிந்த தடம் இருந்தது. அதை அளந்தார். கொக்கியிலிருந்து அச்சு வரை உள்ள தூரத்தையும் அளந்தார், 3.4 மீட்டர். கொஞ்ச நேரம் தரையில் கரித்துண்டால் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, இன்னும் 40 சென்டி முன்னாடி ஏத்தியிருந்தா போதும்."

அவர் போட்ட கணக்கை நான் அப்புறம் நூற்றுக்கணக்கான முறை போட்டிருக்கிறேன். 1,700 கிலோவை 40 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் மூக்கில் இறங்கும் எடை 1,700 × 0.4 ÷ 3.4, அதாவது 200 கிலோ கூடும். அன்று நான் ஒரு கையால் தூக்கியது 30 கிலோவுக்கு மேல் இருந்திருக்காது. இருக்க வேண்டியது குறைந்தது 230. நான் சந்தோஷப்பட்ட அந்த லேசுதான் டிரெய்லரைக் கவிழ்த்தது.

வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். இரண்டு சக்கர வண்டியில் பாரம் பின்னால் போனால் நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும், அதிகமாக முன்னால் வந்தால் மாட்டின் கழுத்தை அழுத்தும். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். மோட்டார் வண்டி கட்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது பின்பாரத்துக்கு விலை அதிகம். மூக்கில் எடை போதவில்லை என்றால், காற்று அடித்தாலோ பெரிய லாரி கடந்துபோனாலோ டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் தானாகக் குறையாது, வளர்ந்துகொண்டே போகும்.

பொதுவாகச் சொல்லப்படும் அளவு, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இறங்க வேண்டும் என்பது. இது அமெரிக்கப் பழக்கம். பிரிட்டனில் கேரவன் இழுப்பவர்களுக்கு 5 முதல் 7 சதவீதம் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே வண்டிகளின் கொக்கி தாங்கும் செங்குத்து எடையே பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், டிரெய்லருக்கான வேக வரம்பும் குறைவு. ஆகவே ஒரே எண்ணை எல்லா வண்டிக்கும் பொருத்தக் கூடாது. வண்டியின் கையேடும் டிரெய்லரின் கையேடும் சொல்வதே கணக்கு. ஆனால் எந்தக் கையேட்டின்படியும் 2,300 கிலோ டிரெய்லரின் மூக்கை ஒரு கையால் தூக்க முடியக் கூடாது.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வீட்டில் எடை பார்க்கும் மெஷினும் ஒரு கெட்டியான பலகையும் போதும். பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறு முனையை மெஷின் மேலும் வைக்க வேண்டும். டிரெய்லரின் மூக்கு, செங்கலிலிருந்து 30 சென்டிமீட்டரிலும் மெஷினிலிருந்து 60 சென்டிமீட்டரிலும் இறங்க வேண்டும். மெஷின் காட்டும் எடையை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. பலகையின் பாரத்துக்காக முதலிலேயே மெஷினைப் பூஜ்ஜியத்தில் வைத்துக்கொள்ளலாம். டிரெய்லர் சமதரையில், மட்டமாக நிற்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகு இந்தப் பலகை எங்கள் கேட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

சரி, வண்டிக்கு வருகிறேன். விளம்பரத்தில் வரும் எண் ஒன்றுதான்: எவ்வளவு இழுக்கும். அந்த எண்ணை நான் மதிக்கிறேன். அமெரிக்காவில் எஸ்ஏஇ ஜே2807 என்ற இழுவைச் சோதனை விதிப்படி சோதிக்கிற வண்டி நிறுவனங்கள், அரிசோனாவில் டேவிஸ் டேம் அருகேயுள்ள 18 கிலோமீட்டர் ஏற்றத்தை அளவுகோலாக வைத்து, கடும் வெயிலில் ஏசியை முழுதாக ஓடவிட்டு வண்டி திணறாமல் ஏறுகிறதா என்று பார்க்கின்றன. ஆனால் யார்டில் நான் கண்ட வரையில், இழுக்கும் எண்ணுக்கு முன்பே வேறொரு எண் தீர்ந்துவிடும். அது பேலோட், அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை. ஆட்கள், சாமான்கள், கொக்கியின் எடை, டிரெய்லரின் மூக்கு எடை எல்லாம் அதில்தான் கழிய வேண்டும். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் பல வண்டிகளில் இதற்கான ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். அதைப் படித்துவிட்டு வந்த வாடிக்கையாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதில் 230 கிலோ இறங்கினால் பின் அச்சில் ஏறுவது 230 இல்லை. கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளியும், வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 2.7 மீட்டரும் என்றால், முன் அச்சிலிருந்து சுமார் 100 கிலோ எடுபட்டுப் பின்னால் போய்விடும். பின் அச்சு 330 கிலோ கூடுதலாகச் சுமக்கும். முன் சக்கரங்கள் லேசாகிவிட்டால் திரும்புவதும் நிற்பதும் கெடும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். நீளமான வீல்பேஸும், பின் அச்சுக்குப் பின்னால் குறைவான நீட்டமும் உள்ள வண்டியைத் தேடச் சொல்வது இதனால்தான். எஞ்சின் பலம் எவ்வளவு இருந்தாலும் குட்டை வண்டியை நீளமாக்க முடியாது.

முன்னால் எடுபட்ட எடையைத் திருப்பிக் கொடுக்க, ஸ்பிரிங் தண்டுகள் வைத்த எடை பகிரும் ஹிட்ச் (கொக்கி அமைப்பு) உண்டு. நல்ல பொருள். ஆனால் சில வண்டிகளின் கையேடே அதை வேண்டாம் என்கிறது. அது மூக்கு எடைக் குறைவைச் சரிசெய்யும் மருந்தும் இல்லை. பின்பாரமாக ஏற்றிவிட்டு விலையுயர்ந்த ஹிட்ச் கேட்டவர்களிடம் நான் முதலில் சாமானை நகர்த்தத்தான் சொன்னேன்.

கொக்கியைப் பொறுத்தவரை எனக்கு ஒரே பிடிவாதம். எந்த எண் மிகக் குறைவோ, அதுவே மொத்தத்தின் எண். உருண்டையில் 3,500 கிலோ என்று பொறித்திருக்கும், அதைத் தாங்கும் தண்டில் 2,700, அந்தத் தண்டைச் செருகும், வண்டியின் அடியில் உள்ள ரிசீவரில் 1,500. அப்படியென்றால் இழுக்கக்கூடியது 1,500தான். ரிசீவரின் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: இழுக்கும் எடை ஒன்று, மேலிருந்து அழுத்தும் எடை ஒன்று. ஐரோப்பியத் தகடுகளில் டி மதிப்பு, எஸ் மதிப்பு என்று வரும். எஸ்தான் மூக்கு எடையின் எல்லை, கிலோவில். தகடே இல்லாத, யாரோ வெல்டு வைத்துக் கொடுத்த கொக்கியில் நான் மாட்டிக் கொடுத்ததில்லை. வெல்டு பார்வைக்கு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி. பம்பரில் பொருத்திய உருண்டைக்கும் சேஸியில் போல்ட் போட்ட ரிசீவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முறை அடியில் படுத்துப் பார்த்தாலே புரியும்.

உருண்டையின் அளவில்தான் கண் அதிகம் ஏமாறும். 1 7/8 அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம், ஐரோப்பாவில் 50 மி.மீ. என்று பல உண்டு. கப்ளர் என்பது டிரெய்லர் மூக்கில் உருண்டையைக் கவ்வும் கிண்ணம். 2 அங்குலக் கப்ளர் 1 7/8 உருண்டையின் மேலும் உட்காரும், தாழ்ப்பாளும் விழும், பூட்டு ஊசியும் போடலாம். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். முதல் பெரிய குலுக்கலில் எகிறிக் கழன்றுவிடும். இதற்கு அண்ணன் சொல்லிக்கொடுத்த சோதனையை நான் ஒரு நாளும் விட்டதில்லை. மாட்டிப் பூட்டிய பிறகு, மூக்கு ஜாக்கியைச் சுற்றி டிரெய்லரை மேலே தூக்க வேண்டும். வண்டியின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது. டிரெய்லர் மட்டும் எழும்பினால் கழற்றிவிட்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

சேஃப்டி செயின் இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் செயின் தொட்டிலில் விழும். விளக்கு, டயர்க் காற்று பற்றி எல்லோருக்கும் தெரியும், செய்துவிட்டால் சரி.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். அந்தச் சட்டம் இல்லாத இடத்திலும் நான் அதையே எல்லையாக வைத்துக்கொண்டேன். 80-க்குப் பதில் 100-ல் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும், அது முழுவதும் முன் வண்டியின் பிரேக்கில் சூடாக இறங்கினால் நீண்ட இறக்கத்தில் பெடலை அழுத்தினாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. மின்சார பிரேக் உள்ள டிரெய்லரில், டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கன்ட்ரோலர் இருக்கும். வாலாட்டம் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, அந்தக் கன்ட்ரோலரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். கயிற்றைப் பின்னாலிருந்து இழுத்தால் நேராவது போல டிரெய்லர் நேராகும். முன் வண்டியின் பிரேக்கை அழுத்தினால் நடப்பது நேர்மாறு: முன்னால் வேகம் குறையும், பின்னாலிருப்பது முட்டித் தள்ளும். அன்று அந்த மனிதருக்கு நடந்தது அதுதான். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு, அதே ரக எக்ஸ்கவேட்டருக்காக ஓர் இளைஞர் டபுள் கேபின் பிக்கப்பில் வந்தார். உள்ளே அவரோடு சேர்த்து ஐந்து பேர், பின்னால் 120 கிலோ சாமான். "3,500 இழுக்கும்னு எழுதியிருக்கே அண்ணே" என்றார். இழுக்கும்தான். கதவைத் திறந்து தகட்டைப் பார்க்கச் சொன்னேன். பேலோட் 700. ஐந்து பேருக்கு 375, சாமான் 120, கொக்கி 20. மீதி 185 கிலோதான், மூக்குக்குக் குறைந்தது 230 வேண்டும். அவரே மொபைலில் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரை வேறு வண்டியில் வரச் சொல்லிவிட்டு இறக்கினார். முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. நான் பலகையை எடுத்து வந்தேன்.

முதல் முறை ஏற்றியபோது மெஷின் 45 காட்டியது. 135 கிலோ, போதாது. ஓர் அடி முன்னால் நகர்த்தச் சொன்னேன். டிராக் நின்ற இடத்தில் அவரே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு நகர்த்தினார். இப்போது 95, அதாவது 285 கிலோ. மூன்று பேரோடும் சாமானோடும் கொக்கியோடும் கூட்டினால் 650. அதே இடத்தில் நான்கு மூலையிலும் செயின் போட்டு இறுக்கினோம். ஜாக்கியைச் சுற்றினேன், பிக்கப்பின் பின்புறம் சேர்ந்து எழும்பியது.

யார்டுக்குள்ளேயே 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று வரச் சொன்னேன். சுற்றின் கடைசியில் கன்ட்ரோலரை மட்டும் அழுத்தினார். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் மொத்த வண்டியும் நேராக நின்றது. கண்ணாடியை இறக்கி, "இன்னொரு தடவை பார்த்துக்கறேண்ணே" என்றார். பார்த்தார். அப்புறம் நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.