எட்டு லட்சம் என்று நினைத்த கடன்

வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. மண்டபத்தில் நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிற வேலை, முடிந்து வரச் சாயங்காலம் ஆகிவிடும். மாமியார்தான் கைநாட்டு வைத்து வாங்கி முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தார். மூன்று நாள் கழித்து விளக்கேற்றும்போதுதான் என் கண்ணில் பட்டது. "பயந்துருவேன்னு சொல்லலத்தா" என்றார். பயந்தது அவர்.

ஆறு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். பிளஸ் டூ படித்தவள் என்றாலும் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு எண்: 8 லட்சத்துச் சொச்சம். அறுபது நாளில் கட்ட வேண்டும், இல்லையென்றால் வீடு போகும்.

2019-இல் 10 லட்சம் வாங்கிக் கட்டிய வீடு. பதினைந்து வருஷக் கடன், மாதம் 10,150. ஐந்து வருஷம் ஒழுங்காகக் கட்டினோம். 2024 ஜனவரியில் என் வீட்டுக்காரர் கை, படகில் வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டி முறிந்தது. பிப்ரவரித் தவணை நின்றது, அதன் பிறகு மார்ச். கை கூடுவதற்குள் ஏப்ரல் 15 வந்து தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. என் கூலியில் அரிசியும் பிள்ளைகளின் பஸ் காசும்தான் ஓடும். தொண்ணூறு நாள் பாக்கி விழுந்தால் வங்கி அதை வராக்கடன் என்று எழுதிவிடும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

ஊருக்கு எப்படித் தெரிந்ததோ! வெள்ளிக்கிழமை நோட்டீஸைப் படித்தேன், திங்கட்கிழமை வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். வெள்ளைச் சட்டை, ராமநாதபுரத்து ஆள், இடம் வாங்கி விற்பவராம். "தங்கச்சி, ஏலத்துல போனா அரை விலைதான். எம் பேருக்குக் கிரயம் பண்ணிக் குடு. வங்கிக்கு நான் கட்டிர்றேன். நீங்க அப்படியே குடியிருங்க, மாசம் நாலாயிரம் வாடகை. மூணு வருஷத்துல காசு சேத்துக்கிட்டு வா, திருப்பி எழுதித் தாறேன்." மாமியார் கும்பிட்டே விட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் கண் கலங்கியது. அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடக் கடுமை இல்லை.

"திருப்பித் தாறதையும் அதே பத்திரத்துல எழுதிருவோமாண்ணே?" என்று கேட்டேன். புத்திசாலித்தனத்தில் கேட்கவில்லை. அப்பா ஒரு பழைய தோணியை வாய்ப்பேச்சில் கொடுத்து ஏமாந்த கதை ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். "அது தனியா ஒரு ஸ்டாம்பு பேப்பர்ல போட்டுக்குவோம், நம்பிக்கைதானே" என்றார். புதன்கிழமை பத்திர ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் போனில் ஒரு குரல். மதுரையிலிருந்து பேசுகிறார்களாம், கடனில் முப்பது சதவீதம் மட்டும் கட்டினால் போதும் என்று செட்டில்மென்ட் முடித்துத் தருவார்களாம். முதலில் 25,000 கட்ட வேண்டும். அதுவரை வங்கிக்காரர் போன் செய்தால் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி வார்த்தைதான் உறுத்தியது. கடன் கொடுத்தவனோடு பேசாதே என்று சொல்பவன் யாருக்காகப் பேசுகிறான்?

இவர் ஓடும் படகின் சம்மாட்டியும், அதாவது படகு முதலாளியும், கூப்பிட்டு அனுப்பினார். ஒரு லட்சம் தருகிறேன், வட்டி வேண்டாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கை முறிந்தபோது ஆஸ்பத்திரிச் செலவில் பாதி அவர் கொடுத்ததுதான். ஆனால் முன்பணம் வாங்கினால் அது தீரும் வரை வேறு படகில் ஏற முடியாது. பங்கில் பிடித்துக்கொண்டே வருவார், மீன்பாடு இல்லாத நாளில் கடன் அப்படியே கிடக்கும். என் மாமனார் பன்னிரண்டு வருஷம் ஒரே சம்மாட்டியிடம் இருந்தது விசுவாசத்தால் அல்ல. இவருக்கோ வாங்கிவிடலாம் என்றுதான் எண்ணம். "வட்டியில்லாம எவன் தருவான்?" என்று கத்தினார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது, சோற்றுத் தட்டை மகன்தான் கொண்டுபோய் வைத்தான்.

கம்பெனியில் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் ஆயிஷா லாத்தாதான், "கோர்ட்டுல இலவச சட்ட உதவி இருக்குடி, பொம்பளைகளுக்கு வருமானம்கூடக் கேக்க மாட்டாக" என்றார். அதற்கான 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். செவ்வாய்க்கிழமை கூலியை விட்டுவிட்டு ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே இருந்த வக்கீலம்மா நோட்டீஸை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை தவணை பாக்கி?"

இதை யாருமே கேட்கவில்லை! வெள்ளைச் சட்டைக்காரர், மதுரைக் குரல், சம்மாட்டி, ஏன் நானே கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் எட்டு லட்சத்தையே பிடித்துக்கொண்டு பேசினோம். "அஞ்சு" என்றேன். கணக்குப் போட்டார். ஐம்பதாயிரத்துச் சொச்சம்.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் வருஷத்து சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவுப்படி வரும் நோட்டீஸ் இது. முழுக் கடனையும் கேட்டுத்தான் அனுப்புவார்கள், ஆனால் நாளைக்கே பூட்டுப் போட வருகிறார்கள் என்று அர்த்தமில்லை. அறுபது நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் பதினைந்து நாளில் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். வீட்டை வங்கி தன் கைவசம் எடுத்தால்கூட 45 நாளுக்குள் மதுரையில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பாக்கித் தவணையை முழுசாகக் கட்டினால் வராக்கடன் மறுபடி நல்ல கணக்காகும். ஒன்றிரண்டு தவணை கட்டினால் ஆகாது, ரிசர்வ் வங்கியே 2021-இல் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "எவ்வளவு பாக்கின்னு எழுதிக் கேளுங்க, எழுத்துலயே பதில் வாங்குங்க" என்றார்.

கிரயத்தைப் பற்றிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது அடமானமே இல்லை, சுத்தக் கிரயம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: இந்த நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு வங்கி எழுத்தில் சம்மதிக்காமல் வீட்டை விற்கவே கூடாது. நோட்டீஸின் கடைசிப் பத்தியை விரலால் தொட்டுக் காட்டினார். நான்கு நாளாக என் பைக்குள்ளேயே இருந்த காகிதம்.

புதன்கிழமை பத்திர ஆபீசுக்குப் போகவில்லை. போன் ஒன்பது தடவை அடித்தது.

வங்கியில் மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் கடிதத்தை வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தார், ஒரு வாரத்தில் பதிலும் வந்தது. ஜூலைத் தவணையும் சேர்ந்து ஆறு தவணை 60,900, அபராதமும் நோட்டீஸ் செலவும் 3,400. ஆக 64,300.

தடைக்கால நிவாரணம் 8,000 அப்படியே இருந்தது. மகளிர் குழுவில் 6,300 எடுத்தேன். மீதி ஐம்பதாயிரத்துக்கு எங்கே போவது? தங்கச்சிமடத்திலிருந்து அக்கா வந்தாள். ஒன்றுமே கேட்காமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இரண்டரைப் பவுன், தாலி கோத்திருந்தது. குளியலறைக்குள் போய் மஞ்சள் கயிற்றில் தாலியைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

வந்த உதவிகளில் நான் அதிகம் தயங்கியது இதில்தான். முன்பின் தெரியாதவரிடம் பத்திரத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுவிடலாம், அக்காவிடம் எப்படிக் கேட்பது? அத்தானுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். "தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன" என்றாள். தெரியாது என்றுதான் அர்த்தம். நான் அத்தானுக்குப் போன் போட்டேன். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அடகுக் கடைக்கு அத்தானே கூட வந்தார். ரசீது அக்கா பேரில், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு நோட்டில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "என்னடி இது, கூடப்பிறந்தவளுக்குப் பத்திரமா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 30 அன்று கட்டினேன். கணக்கு சரியாகிவிட்டது என்ற கடிதத்தை வாங்கும் வரை கவுன்டரை விட்டு நகரவில்லை. இவர் கை இப்போது பரவாயில்லை, குளிர்ந்தால் வலிக்கிறது என்கிறார். வெள்ளைச் சட்டைக்காரரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "என்ன தங்கச்சி, நல்லா இருக்கியா?" என்றார், அதே இனிப்போடு.

மாதத் தவணை போக மிஞ்சுவதில் அடகுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவருகிறேன். இதுவரை 31,000. போன வாரம் சித்தி மகள் கல்யாணத்துக்கு அக்கா கவரிங் சங்கிலிதான் போட்டு வந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தியா, இதுவும் மின்னத்தான் செய்யுது" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள்.