காகம் ஏன் பாடியது?

கதையைப் படித்து முடித்த குழந்தையிடம் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்ற விடைதான் வரும், அதைக் கொண்டு நாம் எதையும் அறிய முடியாது. ஆகவே மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளைக் கதையைச் சுருக்கிச் சொல்லச் சொல்கிறேன். பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். "பாட்டி வடை சுட்டாள், அப்புறம் காகம் தூக்கியது, அப்புறம் நரி வந்தது, அப்புறம் பாடச் சொன்னது, அப்புறம் வடை விழுந்தது" என்று சொல்லும் பிள்ளை நிகழ்ச்சிகளின் வரிசையில் தவறவில்லை. ஆனால் நரி ஏன் பாடச் சொன்னது என்பது அதில் எங்குமே இல்லை. "காகம் பாடினால் நரிக்கு என்ன லாபம்?" என்று கேட்டால் போதும், "வடையைப் பறிப்பதற்காக நரி காகத்தைப் புகழ்ந்து பாட வைத்தது" என்று பல வாக்கியங்கள் ஒன்றாகிவிடும்.

அடுத்து, பாட்டியை நீக்கிவிட்டால் கதை நிற்குமா என்று கேட்பேன். வடை எங்கிருந்து வந்தால் என்ன, நீக்கலாம் என்பார்கள் சிலர். காகம் திருடியதால்தான் அது ஏமாந்தது நமக்கு நியாயமாகப் படுகிறது, எனவே பாட்டி வேண்டும் என்று ஒரு பிள்ளை வாதாடும். இரண்டும் சரியே. கதை எதைப் பற்றியது என்று முடிவு செய்த பிறகே எதை விடலாம் என்பது தெரியும் என்பதால், இந்த வாதத்தை நான் அவசரப்பட்டு முடிப்பதில்லை.

ஆன் பிரவுன், ஜீன் டே ஆகிய ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தேவையற்ற வரிகளை விட்டுவிட்டு எஞ்சியதை அப்படியே எடுத்தெழுதினார்கள். பத்தியின் கருத்தைத் தம் சொந்த வாக்கியமாக ஆக்குவதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. நம் வகுப்பறைகளிலும் இதுவே நடக்கிறது.

நூலுக்குரிய பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலை முதலிலும் விளங்க வைத்தலை அடுத்தும் வைக்கும் நன்னூல், பத்துக் குற்றங்களைக் குன்றக் கூறலில், அதாவது தேவையானதைக்கூடக் குறைத்துச் சொல்வதில், தொடங்குகிறது. "மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக" என்று தேர்வில் கேட்கும் நாமோ, சொற்களை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு விளக்கத்தைப் பார்ப்பதில்லை.

நீண்ட கதையானால் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வாளர் பாலின்சாரும் மேற்சொன்ன ஆன் பிரவுனும் 1984இல் விவரித்த முறையில், பிள்ளைகள் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நிறுத்தி, முறைவைத்து ஆசிரியராகி, சுருக்கிச் சொல்லி, கேள்வி எழுப்பி, ஐயம் தெளிந்து, அடுத்து வருவதை ஊகிக்கிறார்கள். எந்தப் பகுதியைச் சுருக்க முடியவில்லையோ அந்தப் பகுதியை மறுபடி படிக்கிறார்கள்.