ஆட்டோகேடில் மாற்றிய செட்டிங் ஏன் நிலைப்பதில்லை?

சேலத்தில் சின்ன டிராயிங் ஆபீஸ் என்றால் ஒரே கணினியில் இரண்டு வேலை ஓடும். காலையில் அழகாபுரத்து வீட்டுக்கு அடி-அங்குலத்தில் பிளான், மதியம் ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு மில்லிமீட்டரில் பிராக்கெட். செட்டிங் குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணினியில் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் எல்லா செட்டிங்கையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. எல்டிஸ்கேல் (புள்ளிக்கோடு போன்றவற்றின் அளவு), டிம்ஸ்கேல் (அளவுக் குறிப்புகளின் அளவு), இன்ஸ்யூனிட்ஸ் (டிராயிங்கின் அலகு) எல்லாம் அந்தந்த டிராயிங்குக்குள்ளேயே இருக்கும். சேவ்டைம் (தானாகச் சேமிக்கும் இடைவெளி), பிக்ஆட் (தேர்வோடு மேலும் சேர்ப்பது), ஃபைல்டயா (ஃபைல் திறக்கும் பெட்டி) கணினியின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் செட்டிங் கிடங்கில் இருக்கும். முதல் வகையை ஒரு ஃபைலில் மாற்றிவிட்டு அடுத்த புது ஃபைலில் தேடினால் கிடைக்காது. திருத்த வேண்டியது டெம்ப்ளேட்டை, அதாவது புது ஃபைல் தொடங்கும் மாதிரி ஃபைலை.

ஆகவே டெம்ப்ளேட் இரண்டு வேண்டும். வீட்டுப் பிளானுக்கு எல்யூனிட்ஸ் (நீளத்தைக் காட்டும் முறை) 4, அதாவது அடி-அங்குலம்; இன்ஸ்யூனிட்ஸ் 1, அதாவது அங்குலம். பட்டறை வேலைக்கு எல்யூனிட்ஸ் 2, அதாவது தசமம்; இன்ஸ்யூனிட்ஸ் 4, அதாவது மில்லிமீட்டர். இன்ஸ்யூனிட்ஸ் இரு பக்கமும் சரியாக இருந்தால், அங்குலத்தில் வரைந்த பிளாக்கை (சேமித்து மறுபடி பயன்படுத்தும் படப் பகுதியை) மி.மீ. டிராயிங்கில் இன்சர்ட் செய்யும்போது 25.4 மடங்கு தானாகப் பெருகி 10 அடிச் சுவர் 3048 ஆக விழும். மி.மீ. டிராயிங்கிலும் தவறாக 1 என்றே இருந்தால் அது 120 ஆக வந்து நிற்கும், எச்சரிக்கை எதுவும் வராது.

கட்டளைகளின் ஷார்ட்கட் எழுத்துகள் இருப்பது ஆகேட் பிஜிபி ஃபைலில். மேனேஜ் டேபில் எடிட் அலையஸஸ் அழுத்தினால் நோட்பேடில் திறக்கும். நடுவில் உள்ள வரிகளைத் தொடாதீர்கள். கடைசியில் பயனருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே எழுதுங்கள்: சுருக்கம், கமா, நட்சத்திரக் குறி, அதை ஒட்டி முழுக் கட்டளை. ஒரே சுருக்கம் இருமுறை வந்தால் கடைசி வரிதான் செல்லும். சேமித்ததும் ரீஇனிட் கட்டளை கொடுத்து, பிஜிபி ஃபைல் என்ற பெட்டியை டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டோகேடை மூடித் திறக்கும்வரை பழையதே ஓடும். அப்படியும் மாறவில்லையா? வேறு ஃபோல்டரில் இன்னொரு பிஜிபி இருக்கும். சப்போர்ட் பாதைகளில் (ஆட்டோகேட் ஃபைல் தேடும் ஃபோல்டர்களில்) முதலில் கண்ணில் படுவதையே ஆட்டோகேட் எடுக்கும்.

லிஸ்ப், அதாவது ஆட்டோகேடுக்குள் ஓடும் சிறு நிரல் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு தேவை. ஆகேட்டாக் லிஸ்ப் ஃபைல் டிராயிங் திறக்கும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும். வைரஸ் எழுதுபவர்களுக்கும் இது தெரியும். பிளாட் (பெரிய தாளில் பிரிண்ட்) போடும் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில், டிராயிங் பக்கத்தில் நீங்கள் வைக்காத அந்தப் பெயர் ஃபைல் தென்பட்டால் திறக்காமல் அழித்துவிடுங்கள். நம்பகமற்ற இடத்து நிரல் ஏறும்போது வரும் எச்சரிக்கைப் பெட்டி தொல்லை என்று, அதைக் காட்டும் செக்யூர்லோட் செட்டிங்கை 0 ஆக்குவது பூட்டைக் கழற்றி வைப்பதுதான். அதற்குப் பதில் உங்கள் லிஸ்ப்களை டி டிரைவில் தனி ஃபோல்டரில் வைத்து, ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் டேபில் சப்போர்ட் பாதையிலும் டிரஸ்டட் லொகேஷன்ஸிலும் சேருங்கள். ஆட்டோகேடின் விலை குறைந்த வகையான எல்டியில் பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. எல்டியில் லிஸ்ப் வந்ததே 2024 பதிப்பில்தான்.

லிஸ்ப் பாதியில் நின்றால் இன்னொரு கூத்தும் உண்டு: ஓப்பன் கொடுத்தால் பெட்டி வராது, கட்டளை வரியில் ஃபைல் பெயர் கேட்கும். ஃபைல்டயாவை 1 ஆக்கினால் சரி.

கணினி மாற்றும்போது ஆப்ஷன்ஸில் ப்ரொஃபைலை (செட்டிங் தொகுப்பை) ஏஆர்ஜி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்வார்கள். அதில் ரெஜிஸ்ட்ரி செட்டிங்கும் பாதைகளும் மட்டுமே போகும். பிஜிபி, சியுஐஎக்ஸ் (மெனு, டூல்பார் அமைப்பு), டெம்ப்ளேட், பிளாட்டுக்கான சிடிபி (கோட்டின் தடிமன், நிறம்) நான்கையும் தனியாகக் காப்பி எடுக்க வேண்டும். புதுக் கணினியில் டி டிரைவே இல்லையென்றால் இம்போர்ட் செய்ததும் பாதைகளையும் திருத்துங்கள்.