பனிக்கால ரயர்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

ஒக்ரோபர் பிறந்தால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும்: "ஸ்னோ ரயர் போட்டாச்சோ?" கோயில் வாசலில் கேட்பார்கள், தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நிற்கும்போது கேட்பார்கள். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் "இந்த வருஷம் ஓல் சீசனோடை சமாளிப்பம்", அதாவது எல்லாப் பருவத்துக்குமான சாதாரண ரயரோடு சமாளிப்போம், என்றுதான் பதில் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாடகை, வாகனக் காப்புறுதி, ஊருக்கு அனுப்பும் காசு எல்லாம் போன பிறகு நாலு ரயருக்கும் றிம்முக்குமாக ஆயிரம் டொலரைச் சுற்றி எடுத்து வைப்பது எத்தனை பேரால் முடியும்?

மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. ஆனால் நம்மவர்களில் பலர் மிச்சம் பிடிப்பது ரயரின் வயதில். பத்து வருடப் பழைய ரயரை நூறு, நூற்றைம்பது டொலருக்கு வாங்கிப் பூட்டிவிட்டு "நானும் ஸ்னோ ரயர் போட்டிட்டன்" என்று நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார்கள். காசு குறைக்க வேண்டிய இடம் அளவு. அதைப் பற்றித்தான் யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை.

முதலில், ஓல் சீசன் ரயர் ஏன் போதாது என்று பார்த்துவிடுவோம். பிரச்சினை பனி மட்டும் இல்லை, குளிரும்தான். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகத் தொடங்கினாலே சாதாரண ரயரின் இறப்பர் இறுகிவிடும். வீதி காய்ந்து கிடந்தாலும் பிடிமானம் குறையும், பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம் கூடும். பனிக்கால ரயரின் இறப்பர் உறைகுளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்படுகிறது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவைதான் பனியையும் பனிக்கட்டியையும் கவ்விப் பிடிப்பவை. பனிநாடான பின்லாந்தில் நோக்கியன் நிறுவனம் 1934இலேயே பாரவண்டிகளுக்கென்று பனிக்கால ரயர் செய்துவிட்டது. இதெல்லாம் கடைக்காரர்கள் வியாபாரத்துக்காகக் கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் பதிவு செய்த வாகனத்துக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம், இல்லாவிட்டால் 200 டொலரிலிருந்து தண்டம் கட்ட வேண்டிவரும். மொன்றியலுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல் இங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் பனிக்கால ரயர் போட்டவர்களுக்குக் கழிவு தர வேண்டும். கழிவு சிறியதுதான், கூடினால் 5 வீதம் அளவில் வரும். ஆனால் இளம் சாரதிகளின் காப்புறுதித் தொகை எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு அந்த 5 வீதத்தின் பெறுமதியும் தெரியும். ரயர் வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அவர்கள் கேட்பார்கள்.

சரி, அளவுக்கு வருவோம்.

என் அக்காவின் மகன் படிக்க வந்து, பழைய ரொயோட்டா கொரோலா ஒன்று வாங்கினான். "மாமா, கடையில 205/55 ஆர் 16 எண்டு கேக்கச் சொல்லுறாங்கள். அதெண்டா என்ன?" என்று கேட்டான். சாரதி பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும். வாகனம் எந்த அளவு ரயரோடு தொழிற்சாலையை விட்டு வந்தது, எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்கும். 205 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 55 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 வீதம். 16 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். அதற்குப் பிறகு 91 எச் என்று ஏதாவது எழுதியிருக்கும். 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை ஓடத் தக்கது. பனிக்கால ரயரில் எச்சுக்குப் பதிலாக ரி, அதாவது 190 கிலோமீற்றர், என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 401 நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் யாரும் ஓடக் கூடாது, பனியில் நினைத்தும் பார்க்கக் கூடாது. ஆனால் பாரத்தைக் குறிக்கும் எண் மட்டும் ஒட்டுச்சீட்டில் உள்ளதை விடக் குறையக் கூடாது.

இனி மிச்சம் பிடிக்கும் இடம். அதே கொரோலாவின் விலை குறைந்த வகை 195/65 ஆர் 15 ரயரோடு வந்திருக்கிறது. றிம் ஒரு அங்குலம் சிறியது, ரயர் கொஞ்சம் ஒடுக்கம், பக்கச் சுவர் உயரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 205/55 ஆர் 16இன் மொத்த விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீற்றர், 195/65 ஆர் 15இன் விட்டம் 634.5. வித்தியாசம் அரை வீதம்கூட இல்லை. வேகமானியும் பிழை காட்டாது, சக்கரம் எங்கேயும் உரசாது. 15 அங்குல ரயர் விலையும் குறைவு, 15 அங்குல இரும்பு றிம்மின் விலையும் குறைவு.

விலைக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ஒடுக்கமான ரயர் பனிச் சேற்றைப் பிளந்துகொண்டு தார் வரை இறங்கும். அகலமான ரயர் அதன்மேல் மிதக்கப் பார்க்கும். பக்கச் சுவர் உயரமாக இருந்தால், மார்ச்சில் வாய் பிளந்து கிடக்கும் குழிகளில் விழும்போது றிம் தப்பும். பனிக்காலத்தில் சின்ன அளவு மலிவு மட்டுமில்லை, நல்லதும்கூட.

ஆனால் இதை எல்லா வாகனத்துக்கும் செய்ய முடியாது. பிரேக் பெரியதாக உள்ள வாகனங்களில் சின்ன றிம் போட்டால் பிரேக் கலிப்பரில் இடிக்கும். வாகனத்தின் கையேட்டில் அதே வகைக்கு எந்தெந்த அளவு பொருந்தும் என்று பாருங்கள், அல்லது கராஜில் கேளுங்கள். ஒட்டுச்சீட்டில் உள்ளதை விட அகலமான ரயரை மட்டும், "சும்மா கிடைக்குது" என்று யார் தந்தாலும், பனிக்காலத்துக்குப் போடாதீர்கள். றிம்மோடு பழையது வாங்கினால் போல்ட் ஓட்டைகளின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். பல கொரோலாக்களுக்கு ஐந்து ஓட்டைகள் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கும், பல ஹொண்டா சிவிக்குகளுக்கு 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில். இரண்டும் 15 அங்குலம்தானே என்று வாங்கி வந்தால் பூட்ட முடியாது.

றிம் எதற்கு, ரயரை மட்டும் வாங்கினால் போதாதா என்று மருமகன் கேட்டான். றிம் இல்லாவிட்டால் ஒவ்வொரு பருவத்துக்கும் பழைய ரயரைக் கழற்றி, புதியதை ஏற்றி, சமநிலை பார்க்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை அந்தக் கூலி. றிம்மோடு இருந்தால் சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் வேலை மட்டும்தான். சில பருவங்களில் றிம்மின் விலை திரும்பிவிடும், ரயரின் விளிம்பும் இழுபட்டுக் கிழியாது.

இனிப் பழைய ரயர். இணையத்தில் விற்பனைக்கு இருந்த ஒரு தொகுதியைப் பார்க்க மருமகனோடு போனேன், எங்கள் கராஜ் அண்ணையையும் கூட்டிக்கொண்டு. படத்தில் பார்த்தால் தவாளிப்பு, அதாவது ரயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளம், ஆழமாக, புதிது மாதிரித்தான் இருந்தது. விற்றவரும் "ரெண்டு வின்ரர்தான் ஓடினது" என்றார், பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அண்ணை ரயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் நீண்ட எழுத்து வரிசையைத் தேடினார். அதன் கடைசி நாலு எண்களைக் காட்டி, "தம்பி, இதைப் படியுங்கோ" என்றார். 1012.

அந்த நாலில் முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். 2012ஆம் வருடத்தின் பத்தாம் கிழமையில் செய்த ரயர். எங்கேயோ ஒரு களஞ்சியத்தில் வருடக் கணக்கில் கிடந்திருக்கிறது. ஓடாமல் கிடந்தாலும் காற்றிலுள்ள ஒட்சிசனும் வெயிலும் சூடும் இறப்பரை இறுக்கிக்கொண்டே இருக்கும். பனிக்கால ரயருக்கு நாம் காசு கொடுப்பதே அந்த மென்மைக்காகத்தான். தவாளிப்பு ஆழமாக இருந்து இறப்பர் இறுகியிருந்தால் அது பனிக்கட்டியில் ஓல் சீசன் ரயரைப் போலத்தான் வழுக்கும். அண்ணை பெருவிரல் நகத்தால் அழுத்தினார், ஒரு தடமும் பதியவில்லை. பக்கச் சுவரை வளைத்துப் பார்த்தபோது மயிரிழை வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. "கட்டை மாதிரிக் கிடக்கு. வேண்டாம்" என்றார். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

நீங்கள் பழையது வாங்கத்தான் வேண்டும் என்றால், முதலில் அந்த நாலு எண்ணைப் பாருங்கள். ரயரின் ஒரு பக்கத்தில்தான் முழு வரிசையும் இருக்கும், மறுபக்கத்தில் திகதி இல்லாமலும் இருக்கலாம். ஆகவே திருப்பிப் பார்க்கத் தயங்காதீர்கள். நாலு ரயரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு புதிது இரண்டு பழையது என்று கலந்து விற்பதும் நடக்கிறது. ரயர் செய்யும் நிறுவனங்கள் பல, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்கவும், பத்து வருடத்தில் எப்படியும் மாற்றவும் சொல்கின்றன. பனிக்கால ரயருக்கு நான் ஆறு வருடத்தில் கோடு போடுவேன். நாலைந்து வருடம் ஓட வேண்டிய பொருளை ஆறு வருட வயதில் வாங்கக் கூடாது. இரண்டு, மூன்று வருடம் பழையதாக இருந்தால் சரி.

அடுத்தது ஆழம். புதிய பனிக்கால ரயரில் தவாளிப்பு 8 முதல் 10 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஒன்ராறியோ சட்டப்படி 1.5 மில்லிமீற்றர் இருந்தால் ஓடலாம். ஆனால் 4 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்த ரயரோடு பனியில் ஓட வேண்டாம் என்கிறது கனடியப் போக்குவரத்து அமைச்சு. அளக்கும் கருவி சில டொலர்தான். கையில் இல்லாவிட்டால் இரண்டு டொலர் ரூனி நாணயத்தைத் தவாளிப்பில் நிறுத்திப் பாருங்கள். வெளி வெள்ளி வளையம் முழுதும் மறைந்தால் ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் இருக்கிறது, இந்தப் பனிக்காலம் தாங்கும். நோக்கியன் ரயரில் பனிச்செதில் (ஸ்னோ ஃபிளேக்) வடிவம் ஒன்றை மேற்பரப்பிலேயே பதித்திருப்பார்கள், 4 மில்லிமீற்றரில் அது தேய்ந்து மறைந்துவிடும். ஒரே ரயரின் உள்பக்கம் தேய்ந்தும் வெளிப்பக்கம் புதிதாகவும் இருந்தால் அது சில்லு நேராக நிற்காமல் ஓடிய ரயர், விட்டுவிடுங்கள். பக்கச் சுவரில் வீக்கம் இருந்தால் உள்ளே நார் அறுந்திருக்கிறது, அதை இலவசமாகத் தந்தாலும் எடுக்கக் கூடாது. ஓட்டை அடைத்த இடம் ஓரத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிச்செதிலும் பதித்த சின்னம் இருக்க வேண்டும். எம் + எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது, ஓல் சீசன் ரயர்களிலும் அது இருக்கும். இப்போது ஓல் வெதர் என்ற பெயரில் வருபவற்றில் மலைச் சின்னம் உண்டு, வருடம் முழுவதும் போடலாம். நகருக்குள் மட்டும் ஓடுகிறவர்களுக்கு, அடுக்குமாடியில் ரயர் வைக்க இடமில்லாதவர்களுக்கு அது நல்ல தெரிவு. அதிகாலை வேலைக்கு 401இல் ஏறுகிறவர்களுக்கு நான் பனிக்கால ரயரைத்தான் சொல்வேன்.

இன்னொன்றில் மிச்சம் பிடிக்கவே கூடாது. "முன் சில்லுத்தானே இழுக்குது, முன்னுக்கு ரெண்டு போட்டால் காணும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்னால் பிடித்து, பின்னால் வழுக்கினால் வளைவில் வாகனத்தின் பின்பக்கம் முன்னே வந்து சுழன்றுவிடும். நாலும் ஒரே வகையாக இருக்க வேண்டும். அம்புக்குறி போட்ட ரயர் என்றால், சுழலும் திசையும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மருமகன் கடைசியில் 15 அங்குல இரும்பு றிம்மும், பெரிய பெயரில்லாத ஆனால் மலைச் சின்னமுள்ள புதிய ரயர் நாலும் வாங்கினான். 16 அங்குலத்தில் போயிருந்தால் அந்தக் காசுக்குப் பழையதுதான் கிடைத்திருக்கும். அண்ணை பூட்டி முடித்து, "நூறு கிலோமீற்றர் ஓடிப்போட்டு வாங்கோ, நட்டை ஒருக்கா இறுக்கிப் பார்க்கவேணும்" என்றார். இதைப் பலர் மறந்துவிடுவார்கள், மறக்கக் கூடாது. காற்றையும் குளிரில் ஒருதடவை பாருங்கள். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) குறையும். ஒக்ரோபரில் 15 பாகையில் அடித்த காற்று ஜனவரியில் மைனஸ் 15 பாகைக்கு ஐந்து, ஆறு குறைந்திருக்கும்.

தீபாவளி முடிந்த கையோடு பூட்டிவிட்டு, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கழற்றுவது ரொறன்ரோவுக்குக் கணக்காக இருக்கும். முதல் பனி விழுந்த நாளில் போனால் கராஜ்களில் இடம் கிடைக்காது. கழற்றும்போது ஒவ்வொரு ரயரிலும் எந்தப் பக்கம் என்று சோக்கால் எழுதி, கழுவிக் காயவைத்து, வெயில் படாத இடத்தில் றிம்மோடு படுக்கையாக அடுக்குங்கள். வீட்டில் இடமில்லை என்றால் பல கராஜ்களில் பருவத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு வைத்துத் தருகிறார்கள். பால்கனியில் மட்டும் வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.