மாமாவின் கன்னத்தில் பாடிய ரேடியோ

பற்களை ஒருக்கா இறுகக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தடவிப் பாருங்கள், ஒரு தசை புடைக்கும். அதன் முன்னோரத்தில், தாடையெலும்பின் விளிம்பில் மெல்ல விரலை வைத்தால் துடிப்பு படும். அதுதான் முகநாடி, முகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்.

புத்தகத்தில் அது வாயோரம், மூக்கோரம் என்று நெளிந்து ஏறிக் கண்ணின் உள்மூலை வரைக்கும் போகும். மட்டக்களப்பில் படித்த காலத்தில் நாங்கள் வெட்டிப் பார்த்த உடலில் வலது பக்கம் அப்படியே இருந்தது. இடது பக்கமோ மேலுதட்டோடு நின்றுவிட்டது. அறுத்துவிட்டோமாக்கும் என்று அரை மணித்தியாலம் தேடினோம். கடைசியில் ஆய்வுகூட உதவியாளர்தான், "நீங்க வெட்டல்ல மனே, அந்தாளுக்கு அங்க அது இல்ல" என்றார். காதுக்கு முன்னாலிருந்து குறுக்கே வரும் இன்னொரு நாடி தடித்துப்போய் அந்த இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே மனிசனின் இரண்டு கன்னமுமே ஒன்றுபோல இருப்பதில்லை!

இது படுவான்கரை மாமாவுக்கு வாய்ப் புற்றுநோய் வந்தபோதுதான் உண்மையில் உறைத்தது. புகையிலையோடு வெற்றிலை, நாற்பது வருசம். இடது கன்னத்தின் உட்புறத்தை வெட்டி எடுத்தால் அந்தக் குழியை மூட வேண்டும், மூக்கோரத் தோலைத் திருப்பி வைக்கலாம் என்பது முதல் திட்டம். அப்படித் திருப்பும் தோல் அதன் நாடியோடு வந்தால்தான் உயிரோடிருக்கும். இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் நாளமும் முக்கியம், அது வழக்கமான வழியை விட்டுக் கழுத்தின் வெளிநாளத்தில் போய்ச் சேர்ந்திருந்து, தெரியாமல் கழுத்தில் அதைக் கட்டிவிட்டால் இரத்தம் திரும்ப வழியில்லாமல் தோல் நீலம் பாய்ந்து செத்துப்போகும்.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள், நாடியில் இரத்தம் ஓடுவதைச் சத்தமாகக் கேட்க வைக்கும் டொப்ளர் பேனையைக் கன்னத்தில் வைத்தார்கள். ஷ்ஷ்... ஷ்ஷ்... "என்ன மருமகன், என்ட கன்னத்துல ரேடியோ பாடுது?" என்றார் மாமா. சத்தம் வாயோரத்தோடு நின்றது. மூக்கோரத்தில் ஒன்றுமில்லை.

திட்டம் மாறியது. நாடி தாடையைத் தாண்டும் முன்பே அதன் ஒரு கிளை பிரிந்து மோவாய்க்குக் கீழே போகும், அதோடு சேர்த்து அங்குள்ள தோலை எடுத்தார்கள்.

இதை எழுதத் தூண்டியதே அழகு நிலையங்களில் முகத்தின் சுருக்கம், பள்ளங்களை நிரப்பப் பில்லர் ஊசி போடும் விளம்பரங்கள்தான். மூக்கோரத்து நாடி கண்ணுக்குப் போகும் நாடியின் கிளையோடு தொடுப்புள்ளது. ஊசி மருந்து தவறி உள்ளே போய்ப் பின்னோக்கித் தள்ளுப்பட்டால் பார்வையே போகும், போயுமிருக்கிறது. உடற்கூறு தெரியாதவரிடம் தயவுசெய்து கன்னத்தைக் கொடுக்காதீர்கள்.

சரி, மாமா? தோல் பிடித்துவிட்டது. ஆனால் அது தாடி வளர்ந்த தோல் அல்லவா, இப்போது வாய்க்குள்ளே மயிர் முளைக்குது என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் முறைப்பாடு.