லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் செடான் ஒன்றைத் தேடி வாங்கிய அனுபவம்

நூற்பாலைகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் சப்ளை செய்வது என் தொழில். வீடு கோயம்புத்தூரில். திண்டுக்கல், ராஜபாளையம், கரூர், சேலம் என்று வாரம் முழுக்க ஓட்டம், நடுவில் சென்னையும் உண்டு. மாதம் 4,000 கிலோமீட்டருக்குக் குறையாது. ஐந்து வருடம் வைத்திருந்தால் 2.4 லட்சம் கிலோமீட்டர். இவ்வளவு ஓட்டுகிறவன் புது கார் எடுத்தால், கடன் முடிவதற்குள் மீட்டரைப் பார்த்தே மறுவிலை விழுந்துவிடும். அதனால் பழைய வண்டிதான் என்று முடிவு செய்தேன்.

பழைய கார் பார்க்கிறேன் என்றதும் எல்லோரும் சொன்னது, "கம்மியா ஓடின வண்டியாப் பாருங்க" என்பதுதான். ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். என்னைப் போல நெடுஞ்சாலையில் கிடக்கிறவர்களுக்கு மீட்டரில் இருக்கும் எண்ணை விட, அந்தக் கிலோமீட்டர் எங்கே ஓடியது, அதற்கு எழுத்தில் கணக்கு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சிக்னலுக்கு சிக்னல் நின்று, இஞ்சின் சூடாவதற்குள் அணைக்கப்பட்டு 50,000 ஓடிய டீசல் வண்டியை விட, ஹைவேயில் ஒரே சீராக ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி பல சமயம் நல்ல நிலையில் இருக்கும். குறைந்த ஓட்டமுள்ள டீசலில் இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி இஞ்சினுக்குள் அனுப்புவது) கரி பிடித்துக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எஸ்.யூ.வி. எடுக்கச் சொல்லியும் வற்புறுத்தினார்கள். நான் கேட்கவில்லை. தரையோடு படிந்து ஓடும் செடான் 100 கிலோமீட்டர் வேகத்தில் தரும் நிதானம், உயரமான வண்டிகள் பலவற்றில் கிடைப்பதில்லை. காற்றை எதிர்த்துத் தள்ளும் வேலை குறைவு என்பதால் டீசலும் மிச்சம். நீளமான வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) இருந்தால் ஐந்து மணி நேரம் ஓட்டிய பிறகும் இடுப்பு வலிக்காது. அதனால்தான் சிட்டி, வெர்னா ரகத்துக்கு ஒரு படி மேலே, எக்ஸிகியூட்டிவ் செடான் என்று சொல்லப்படும் பெரிய வண்டிகளைப் பார்த்தேன்.

கடைசியில் மூன்று டீசல்கள் நின்றன: ஸ்கோடா ஆக்டேவியா 2.0, ஹூண்டாய் எலான்ட்ரா 1.6, டொயோட்டா கரோலா ஆல்டிஸ் 1.4. ஓட்டிப் பார்த்ததில் மனசைப் பறித்தது ஆக்டேவியாதான். 143 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). ஓவர்டேக் செய்வதெல்லாம் ஒரு வேலையாகவே தெரியவில்லை. ஆனால் அது டைமிங் பெல்ட் இஞ்சின்; அந்த பெல்ட்டைக் குறிப்பிட்ட ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஆட்டோமேட்டிக் எடுத்தால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் ஆயிலும் மாற்ற வேண்டும். என் ஓட்டத்துக்கு அது பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும். எலான்ட்ராவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் விலைக்குள், ரெக்கார்டோடு ஒன்றுகூட அகப்படவில்லை.

ஆல்டிஸ் டீசல் 88 குதிரைத்திறன்தான். 1,800 ஆர்.பி.எம்.முக்குக் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்று) கீழே சோம்பல். ஆனாலும் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அந்த 1,364 சிசி இஞ்சின் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயினில் ஓடுவது; டொயோட்டாவின் எட்டியோஸ் டீசலில் இருப்பதும் அதே இஞ்சின்தான். டர்போ அமைப்பு வேறு என்றாலும் அடிப்படை ஒன்றே. எட்டியோஸ் டாக்ஸி ஓடாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ராஜபாளையத்தில் வண்டி நின்றால், அந்த இஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருப்பார். எனக்கு இதுதான் பெரிய வசதி.

செலவுக் கணக்கும் போட்டேன். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கிடைத்தால் மாதம் 210 லிட்டர், அப்போதைய 92 ரூபாய் விலைக்குச் சுமார் 19,400 ரூபாய். இதே ஆல்டிஸ் பெட்ரோலில் லிட்டருக்குப் பன்னிரண்டரை என்று வைத்தாலும் 32,000 ரூபாயைத் தாண்டும். மாதம் 13,000 ரூபாய் வித்தியாசம். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

டெல்லியிலிருந்து வரும் மலிவு டீசல் விளம்பரங்களையும் சொல்லிவிடுகிறேன். நான் தேடிய சமயத்தில் அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் விலை கவர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கி, இங்கே சாலை வரியை மறுபடி கட்டி, புது எண் வாங்கி முடிப்பதற்குள் மிச்சம் என்று நினைத்த பணம் கரைந்துவிடும். சர்வீஸ் எங்கே நடந்தது என்று நேரில் போய் விசாரிக்கவும் முடியாது.

ஒரு டீலரிடம் பார்த்த 2015 மாடல் வண்டி இன்னும் கண்ணில் நிற்கிறது. மீட்டரில் 68,000. பாலிஷ் போட்டு, ஸ்டீயரிங்குக்குப் புது உறை மாட்டியிருந்தார்கள். கதவைத் திறந்து கீழே குனிந்தேன். கிளட்ச் பெடல் ரப்பரின் ஒரு ஓரம் வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கம் ஃபோம் அமுங்கிப் போயிருந்தது. வண்டியைச் சூரியனுக்கு எதிரே நிறுத்தச் சொல்லி உள்ளே உட்கார்ந்தேன். முன் கண்ணாடி முழுக்கப் பொடிப் பொடியாகக் கொத்தல். லாரிக்குப் பின்னால் லட்சக்கணக்கில் ஓடிய கண்ணாடிக்குத்தான் அப்படி மணல் அடி விழும். உரிமையாளரிடம் சம்மதம் வாங்கி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்டோம். இரண்டு வருடத்துக்கு முன்பே அந்த வண்டி 1.12 லட்சம் ஓடியிருந்தது. ஒன்றரை லட்சம் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் வாங்கக்கூடத் தயாராக இருந்தேன். மீட்டரைத் திருப்பியவர் இஞ்சினில் எதை மறைத்தார் என்று எப்படித் தெரியும்? கோபத்தோடுதான் வெளியே வந்தேன்.

நான் வாங்கியது 2016 மாடல், 1.46 லட்சம் ஓடியது, கோயம்புத்தூரிலேயே ஒரு கம்பெனி பெயரில் இருந்த வண்டி. ஒரே டிரைவர், பெரும்பாலும் சென்னை, பெங்களூரு ஓட்டம். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் செய்த பில்கள் ஃபைலில் வரிசையாக இருந்தன. இதன் கண்ணாடியிலும் கொத்தல் இருந்தது, ஆனால் மீட்டரும் அதையே சொன்னது.

எட்டியோஸ் டாக்ஸிகளையே நாள் முழுக்கப் பார்க்கும் சிங்காநல்லூர் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே போனேன். "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தைய நாளே சொல்லியிருந்தேன். சூடான இஞ்சின் பல நோயை மறைத்துவிடும். அண்ணன் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அங்கிருந்து புகை குபுகுபுவென்று தள்ளும். லேசான மூச்சுதான் வந்தது. ஸ்கேனர் போட்டு, நாலு இன்ஜெக்டரும் டீசலைச் சீராகத் தெளிக்கிறதா என்று காட்டும் கரெக்‌ஷன் அளவையும் பார்த்தார். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இல்லை, அதாவது முன்பக்கத்தைக் கழற்றி மாட்டியதற்கு அடையாளம் இல்லை. பின் பம்பரில் மட்டும் ரீபெயின்ட்.

அப்புறம் நீலாம்பூர் தாண்டி அவிநாசி வரை ஓட்டினோம். ஆறாவது கியரில் 60 வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஆர்.பி.எம். முள் முன்னே ஓடுகிறது, வண்டி பின்னால்தான் வருகிறது. அண்ணன் சிரித்துவிட்டு, "தம்பி, இஞ்சின்ல பயமில்லைங்க. கிளட்ச் வழுக்குது, அவ்வளவுதான். அதைச் சொல்லி விலையைக் குறைச்சுக் கேளுங்க" என்றார். 7.10 லட்சம் சொன்னது 6.45-க்கு முடிந்தது.

காகித வேலையில் அவசரப்படக் கூடாது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரத்தையும் நிலுவையில் இருந்த இ-சலான்களையும் பார்த்தேன். ஓவர்ஸ்பீடுக்கு இரண்டு இருந்தன, அவர்களே கட்டினார்கள். பேங்க் லோன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி கடனில் இருப்பதைக் காட்டும் குறிப்பு) நீக்கப்படவில்லை. பேங்க் என்.ஓ.சி.யும் அந்தக் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கம்பெனியின் கணக்குக்கு நேராக அனுப்பினேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றோடு, கையெழுத்துப் போடுகிறவருக்கு அதிகாரம் கொடுத்த கடிதம் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வேண்டியிருந்தது. தனிநபர் வண்டியில் இந்தப் படி கிடையாது. வண்டியை எடுத்த தேதியும் நேரமும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஒன்றும் வைத்துக்கொண்டோம். கேமரா அபராதமோ விபத்தோ வந்தால், அப்போது வண்டி யார் கையில் இருந்தது என்பதற்கு அது ஒரு சான்று.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றினேன். இதைத் தள்ளிப்போட்டால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் க்ளெய்ம் கிடைப்பது சிக்கலாகிவிடும். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் நமக்கு வராது என்பதால் வித்தியாசப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அவர்களுடைய ஃபாஸ்டேக்கையும் மூட வைத்த பிறகுதான் எனக்குப் புதியது கிடைத்தது.

வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே தனியாக எடுத்து வைத்திருந்தேன். கிளட்ச் செட், இஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ஃபேன் பெல்ட், முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு எல்லாம் மாற்றி, இரண்டு டயரும் போட்டேன். எதை எந்தக் கிலோமீட்டரில் மாற்றினேன் என்று அந்தக் கம்பெனி ஃபைலிலேயே தொடர்ந்து எழுதி வருகிறேன். ஆயிலை மட்டும் 10,000 வரை காத்திருக்காமல் 8,000-த்தில் மாற்றிவிடுகிறேன். லிட்டருக்கு 19 எதிர்பார்த்தேன். 90 வேகத்தில் போனால் 20 தொடுகிறது, சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் லாரிகளைத் தாண்டிக்கொண்டே போனால் 18. மீட்டர் 1.90 லட்சத்தைக் கடந்துவிட்டது. அடுத்த வேலை பின் ஷாக் அப்சார்பர் இரண்டும். பள்ளத்தில் இறங்கும்போது லேசாகச் சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது.